முயல் வராத தீவுகள்

அந்தமானின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சாத்தம் தீவைப் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளைக் கொண்டு குறிப்பிடுகிறார்கள். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக முதல் குடியேற்றத்தை இங்கேதான் அமைத்தார். அது 1792இல் வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டு, காய்ச்சலும் சாவும் மிகுந்து, 1796இல் கைவிடப்பட்டது. 1858 மார்ச் 10 அன்று ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்து மறுபடியும் சாத்தத்தில்தான் வேலையைத் தொடங்கினார்; குடிதண்ணீர் போதாததால் தலைமையிடம் ராஸ் தீவுக்குப் போனது. 1883இல் இங்கே சாமில் என்னும் மர அறுவை ஆலை எழுந்தது. சிறை, மரம் என்ற இந்த இரண்டு சொற்களுக்குள் சாத்தத்தின் கதையை முடித்துவிடுகிறோம். ஆனால் இதே துறைமுக முகப்பின் வழியாக வேறொரு குடியேற்றமும் நடந்தது. மனிதர்களோடு விலங்குகள் வந்து இறங்கின. அந்தக் குடியேற்றம் என்ன செய்தது என்பதை அறிய வேண்டுமானால் அதற்கு முன் இந்தக் காட்டில் என்ன இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். இல்லாதவற்றில் முதலில் சொல்ல வேண்டியது முயல். அந்தமானில் இயற்கையாக முயல் இல்லை என்பதை ஒரு குறையாகக் கருதுவது தவறு. இந்தக் காடு எப்படி உருவானது என்பதற்கு அதுதான் மிகத் தெளிவான சான்று என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இந்த இல்லாமை எவ்வளவு வியப்பானது என்று புரியும். மேற்கே தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பிடரியில் கருப்புத் திட்டு உள்ள நம் காட்டு முயல் புதர்க்காடு, தரிசு, கொல்லைமேடு எங்கும் வாழ்கிறது. வடகிழக்கே பர்மாவில் பெகு நாட்டின் பெயரைத் தாங்கிய பர்மிய முயல் இருக்கிறது. தெற்கே சுமத்ராவின் பாரிசான் மலைத்தொடரில், மழை ஓயாத காட்டுக்குள், உலகின் மிக அரிய முயல்களில் ஒன்று ஒளிந்து வாழ்கிறது. சாம்பல் உடலில் கரும்பழுப்புக் கோடுகளும் செம்மை படர்ந்த பின்புறமும் குட்டைக் காதுகளும் கொண்ட, ஒன்றரைக் கிலோ அளவே எடையுள்ள சிறிய முயல் அது. டச்சு விலங்கியலாளர் ஹெர்மான் ஷ்லேகல் 1880இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பிறகு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போய், 1998இல் கெரிஞ்சி செப்லாட் தேசியப் பூங்காவில் தானியங்கிக் கேமராவில் பதிவானது. இரவில் மட்டும் நடமாடும். தானாக வளை தோண்டாமல் மற்ற விலங்குகள் விட்டுப்போன பொந்துகளில் தங்கும். காட்டுத் தரையின் தழைகளையும் தண்டுகளையும் தின்னும். ஆக, மூன்று திசைகளிலும் முயல் இனம் உண்டு. நடுவில் உள்ள தீவுக்கூட்டத்தில் மட்டும் இல்லை. சுமத்ராவின் முனையிலிருந்து பெரிய நிக்கோபார் சுமார் 150 கிலோமீட்டர்தான். பர்மாவின் நெக்ரைஸ் முனையிலிருந்து அந்தமானின் வடமுனை 200 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். சென்னைதான் தொலைவு, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்.

காரணம் கடலின் ஆழம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிக்காலத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டிக்கிடந்தன. புலியும் யானையும் முயலும் நடந்தே போயின. இலங்கையும் தமிழ்நாட்டோடு இணைந்திருந்தது. அந்தமானின் பல தீவுகளும் அந்தக் காலத்தில் ஒரே நிலமாகச் சேர்ந்திருந்தன. ஆனால் அந்த நிலத்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஆழமான நீர் எஞ்சியே இருந்தது. நடந்து வர வழியில்லை. வந்தவை மிதந்து வந்தன, அல்லது பறந்து வந்தன. வெள்ளத்தில் வேரோடு சாய்ந்து கடலுக்குள் போகும் மரங்களில் தொற்றிக்கொண்டு பிழைக்கக்கூடிய உயிர்களுக்கு மட்டுமே இந்த வாசல் திறந்திருந்தது. பெரிய நிக்கோபாரில் குரங்கும் மர மூஞ்சூறும் இருக்கின்றன. இரண்டும் கிளைகளில் வாழ்கிறவை. முயலுக்கு நீந்தத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அது தரையின் பிராணி, மரம் ஏறாது. பசுந்தழையை ஓயாமல் தின்று, குடற்பையில் நொதிக்கவிட்டு, தன் மென்புழுக்கையையே மறுபடி விழுங்கிச் சத்தைப் பிழிந்தெடுக்கும் உடல் அமைப்பு அதற்கு. உப்பு நீருக்கு நடுவில் பல நாட்கள் பட்டினி கிடந்து, அதிலும் ஆணும் பெண்ணுமாகக் கரை சேர்வது நடக்கக்கூடிய காரியமாக இருந்திருக்காது.

அப்படியானால் கரை சேர்ந்தவை எவை? பலவகை வௌவால்கள், சில எலிகள், இந்தத் தீவுகளுக்கே உரிய மூஞ்சூறுகள், ஒரு மரநாய், ஒரு சிறிய காட்டுப்பன்றி. கல்கத்தா ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகக் காப்பாளர் எட்வர்ட் பிளைத் 1858இல் அந்தப் பன்றிக்கு அந்தமான் பெயரையே இட்டார். பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்த்தால் ஒன்று தெரியும்: இலையையும் புல்லையும் நம்பி வாழும் பாலூட்டி இதில் ஒன்றுகூட இல்லை. மான் இல்லை, ஆடு இல்லை, காட்டெருமை இல்லை, முயல் இல்லை. பன்றி கிழங்கைத் தோண்டும், உதிர்ந்த பழத்தைத் தின்னும். இளஞ்செடியை வரிசையாக மேய்வது அதன் வேலை அன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்தக் காட்டுத் தரையில் முளைத்த நாற்றுகள் வெட்டுப்பல்லின் கடியை அறியாமல் வளர்ந்தன. மேயும் விலங்கு இல்லாத தீவுகளில் செடிகள் முள்ளையும் கசப்பையும் பெரிதாக வளர்த்துக்கொள்வதில்லை என்பதை உலகின் பல தீவுகளில் தாவரவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். மண்ணோடு ஒட்டிய அந்தத் தழை அடுக்கில்தான் ஓணான்களும் அரணைகளும் தவளைகளும் தரைப் பறவைகளும் வாழ்ந்தன.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்தப் பன்றியே மனிதன் கொண்டுவந்ததாக இருக்கலாமே என்று கேட்கலாம். கேள்வி வலுவானதுதான். இத்தாலிய மானிடவியலாளர் லிதியோ சிப்ரியானி 1950களில் அந்தமானின் பழங்குடிகள் விட்டுச்சென்ற சிப்பி மேடுகளைத் தோண்டியபோது, அடி அடுக்குகளில் பன்றி எலும்பும் மட்பாண்டமும் இல்லாததைக் கவனித்தார். பின்னர் ஜரீன் கூப்பர் தெற்கு அந்தமானின் சௌல்தாரி மேட்டை ஆராய்ந்து, அது 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் காலம் கணித்தார். பன்றியும் பானையும் ஏதோ ஒரு படகில் சேர்ந்தே வந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் வாதம் தளரவில்லை, இன்னும் இறுகுகிறது. பன்றி வந்த பிறகு அதை வேட்டையாடி உண்ட மக்கள் ஈராயிரம் ஆண்டுகள் அதோடு வாழ்ந்தார்கள். பன்றியின் பெருக்கத்துக்கு ஓங்கி, ஜாரவா பழங்குடிகள் அம்பால் ஒரு வரம்பு வைத்தார்கள். அதற்குப் பின் வந்த மேயும் விலங்குகளுக்கு அப்படி ஒரு வரம்பும் இருக்கவில்லை. ஜாரவா மக்களின் வேட்டை உணவில் மான் இடம்பெறவே இல்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மனிதன் கொண்டுவந்தது எதுவும் ஒன்றே என்று சொல்வது வசதியான வாதம். எது எத்தனை காலத்தில், எந்த வேகத்தில், யாருடைய கட்டுப்பாட்டில் வந்தது என்பதை அது பார்ப்பதில்லை.

1858க்குப் பிறகு வந்த வேகமே வேறு. கைதிகளுக்கும் காவலர்களுக்கும் பாலும் இறைச்சியும் வேண்டும் என்று மாடும் ஆடும் வந்தன. 1860களில் மைனா கொண்டுவந்து விடப்பட்டது. அதிகாரிகளுக்கு வேட்டை வேண்டியிருந்தது. தாங்கள் பழகிய இந்தியக் காடுபோல இந்தக் காடும் இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. விலங்கில்லாத காட்டை அவர்கள் வெற்றுக் காடாகப் பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் புள்ளிமானும் கேளையாடும் கொண்டுவரப்பட்டதற்குப் பின்னால் இருந்தது இந்தப் பார்வைதான். புலியும் சிறுத்தையும் செந்நாயும் இல்லாத காட்டில் புள்ளிமானுக்கு எதிரி இல்லாமல் போயிற்று. அது நன்றாக நீந்தும். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குக் கால்வாயைக் கடந்து தானாகவே பரவியது. சாத்தத்தின் சாமில்லுக்கு மரம் வெட்டிய கூப்புகளில் கூரைமரங்கள் விழுந்து வெளிச்சம் இறங்கிய இடங்களில் இளந்தழை செழித்தது. மானுக்கு அது விருந்தாயிற்று. இன்று அந்தமானின் பெரும்பாலான தீவுகளில் அது இருக்கிறது.

விளைவு என்ன என்பதற்குச் சான்று உண்டு. அந்தமான் காடுகளில் நெடுங்காலம் ஆய்வு செய்த ரவூஃப் அலி, வெளியிலிருந்து வந்த மானும் யானையும் காட்டுத் தாவரங்களை என்ன செய்கின்றன என்பதை 2004இல் கட்டுரையாக வெளியிட்டார். யானை பெரிய மரங்களின் பட்டையை உரித்து அவற்றைச் சாகடிக்கிறது. மான் அடியில் முளைக்கும் நாற்றைத் தின்று விடுகிறது. முதியது சாகிறது, இளையது எழுவதில்லை. யானையின் கதை சாத்தத்தின் மர வணிகத்தோடு நேராகப் பிணைந்தது. வெட்டிய படாக், குர்ஜன் மரங்களைக் கரைக்கு இழுக்க யானைகள் கப்பலில் கொண்டுவரப்பட்டன. கரையிலிருந்து மரங்கள் தெப்பமாகக் கட்டப்பட்டுக் கடல் வழியே ஆலைக்குப் போயின. ஒரு தனியார் ஒப்பந்தக்காரரின் தொழில் நொடித்தபோது, 1962 வாக்கில், சுமார் 40 யானைகள் இன்டர்வியூ தீவில் அப்படியே விடப்பட்டன. மானின் பாதிப்பை 2016இல் வெளியான மற்றொரு ஆய்வு இன்னும் நுட்பமாகக் காட்டியது: புள்ளிமான் மிகுந்த இடங்களில் தரையடித் தழை குறைகிறது, தழை குறைந்த இடங்களில் அதை நம்பிய பல்லி, ஓணான் இனங்களும் குறைகின்றன. மான் பல்லியைத் தின்பதில்லை. பல்லியின் வீட்டைத் தின்கிறது. நார்க்கொண்டம் தீவில் காவல் முகாமின் உணவுக்காகக் கொண்டுசென்ற ஆடுகளும் இதையே செய்தன. உலகில் வேறெங்கும் இல்லாத நார்க்கொண்டம் இருவாச்சி கூடு கட்டும் மரங்களின் அடுத்த தலைமுறையே அங்கே கேள்விக்குள்ளானது. பிறகு அந்த ஆடுகளை அகற்றும் முடிவுக்கு வனத்துறை வந்தது.

மானும் ஆடும் இப்படி என்றால் முயல் என்ன செய்யும்? உலகத் தீவுகளின் வரலாறு இதற்குப் பதில் சொல்லி அறுநூறு ஆண்டுகள் ஆகின்றன. 15ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பார்த்தலோமியு பெரஸ்ட்ரெல்லோ, அட்லாண்டிக் கடலின் போர்ட்டோ சாண்டோ தீவில் ஒரு தாய் முயலையும் அதன் குட்டிகளையும் விட்டார். பயிரிட்டது எல்லாம் அவற்றுக்கு இரையாகி, குடியேறியவர்களே தீவைச் சிலகாலம் விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஹவாய்த் தீவுத்தொடரின் லேசன் தீவில் 1903இல் முயல்கள் விடப்பட்டன. இருபதே ஆண்டில் அங்கிருந்த 26 தாவர இனங்களில் 22 அழிந்தன, அத்தீவுக்கே உரிய மூன்று பறவைகள் அத்தீவிலிருந்து மறைந்தன. தமிழர்கள் வாழும் மொரீசியஸை அடுத்த ரவுண்ட் தீவில் ஆடும் முயலும் சேர்ந்து பனைக்காட்டைத் தின்று மண்ணைக் கடலுக்கு அனுப்பின. ஆடுகள் 1979க்குள்ளும் முயல்கள் 1986இலும் அகற்றப்பட்டன. அதற்குள் வளை தோண்டி வாழும் போவா பாம்பு ஒன்று 1975இல் கடைசியாகக் காணப்பட்டு அழிந்துபோனது. மானைவிட முயலை ஆபத்தானதாக்குவது அதன் சிறுமைதான். அது பெருகும் வேகம் மானுக்கும் ஆட்டுக்கும் இல்லை. மான் எட்டும் உயரத்துக்கு மேலே ஒரு செடி தப்பலாம். முயலோ முளையையே அறுத்துவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக நேர்மையான வாதம் தட்பவெப்பம் பற்றியது. ஆஸ்திரேலியாவையும் லேசனையும் சீரழித்தது ஸ்பெயினின் வறண்ட நிலத்திலிருந்து வந்த ஐரோப்பிய முயல். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் அந்தமானில் அதன் வளை வெள்ளத்தில் நிரம்பிவிடும். கண் திறவாமல், மயிரில்லாமல் பிறக்கும் அதன் குட்டிகள் ஈரத்தில் பிழைக்காது. ராஸ் தீவில், 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாறிய அந்த இடத்தில், இடிபாடுகளுக்கு நடுவே மானும் மயிலும் முயலும் பயணிகள் கண்ணில் படுகின்றன. அந்த முயல்கள் வளர்ப்பு இனத்தவை, பார்வைக்கு இனியவை, காட்டைக் கொள்ளைகொள்ளவில்லை என்று சொல்லலாம். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஐரோப்பிய முயல் அந்தமான் காடு முழுவதும் பரவும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முயல் என்பது ஓர் இனம் மட்டும் அல்ல. நம் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லுக்குள் ஒரு பள்ளத்தில் ஒடுங்கிக் கிடக்கும். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது. நம் ஊர் வெயிலும் மழையும் பழகியது. மொரீசியஸுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்த முயல் அங்கே நிலையாக வேரூன்றியிருக்கிறது. எனவே ஐரோப்பிய முயல் தோற்கும் என்ற நம்பிக்கையை வைத்து இந்த வாசலை அலட்சியமாகத் திறந்துவைக்க முடியாது. அந்தமானின் அண்மைக் கால வரலாறும் அப்படி நம்ப இடம் தரவில்லை. ஆப்பிரிக்கப் பெருநத்தை ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1942க்கும் 1945க்கும் இடையில், வந்ததாகச் சொல்லப்படுகிறது. அது இன்று தோட்டங்களின் தீராத தொல்லை. இந்தியக் காளைத்தவளை மிகப் பிந்தித்தான் வந்தது. மீன்குஞ்சுகளோடு கலந்து குளத்திலிருந்து குளத்துக்குப் போகிறது. 

இன்னொரு மறுப்பு சாத்தத்திலிருந்தே வருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ரம்பம் அறுத்த காட்டுக்கு நாலு மானும் பத்து முயலும் என்ன பெரிய கேடு என்று கேட்கலாம். ஆலை 1942இல் குண்டுவீச்சுக்கு ஆளானது, குண்டு விழுந்த குழி இன்றும் அங்கே காட்டப்படுகிறது. போருக்குப் பின் ஆலை மறுபடி ஓடியது. அது விழுங்கிய மரத்தின் அளவை முயலின் தீனியோடு ஒப்பிடவே முடியாது என்பது சரி. ஆனால் வெட்டுவதைக் கட்டுப்படுத்த முடிந்தது என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து 2002இல் உச்ச நீதிமன்றம் அந்தமானில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. ரம்பத்தின் ஒலி குறைந்தது. ஓர் ஆணையால் ரம்பத்தை நிறுத்தலாம். மானுக்கு ஆணை பிறப்பிக்க முடியாது. வெட்டிய காடு நாற்றிலிருந்து மீண்டும் எழ வேண்டும். அந்த நாற்றைத் தின்னும் வாய் காட்டுக்குள்ளேயே இருக்குமானால், ஆலை நின்றாலும் ஆலையின் வேலை தொடரும். ஆகவே மர வணிகத்தின் வரலாற்றையும் விலங்குக் குடியேற்றத்தின் வரலாற்றையும் பிரித்து எழுதுவது பிழை.

இவ்வளவும் முயல்மேல் வெறுப்பினால் எழுவதல்ல. அசாமின் மானஸ் பகுதியிலும் இமயத்தின் அடிவாரப் புல்வெளிகளிலும் வாழும் சொரசொரப்பு மயிர் முயல், அழிந்துபோயிற்று என்று பலரும் எண்ணியிருந்த வேளையில் 1971இல் அசாமில் மீண்டும் தென்பட்டது. ஆளுயரப் புல்லை எரித்தும் உழுதும் மேய்த்தும் அதன் வாழிடத்தைச் சுருக்கிவிட்டோம். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. சுமத்ராவின் கோடுபோட்ட சிறு முயலும் காப்பித் தோட்டங்களுக்காகக் காடு சுருங்கச் சுருங்க மேலே மேலே ஒதுங்குகிறது. அந்த முயல்களுக்கு அவற்றின் புல்லும் காடும் வேண்டும். அதே நியாயத்தின்படி முயல் இல்லாமல் உருவான காட்டுக்கு முயல் இல்லாத தரை வேண்டும். ஒன்றைக் காக்க வேண்டும் என்பவர் மற்றொன்றையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. சென்னையிலிருந்து வரும் கப்பல்கள் இன்றும் சாத்தத்தை ஒட்டிய ஹாடோ துறைமுகத்தில்தான் நிற்கின்றன. மூட்டை முடிச்சோடு கூண்டில் பறவையும் பெட்டியில் முயல்குட்டியும் வந்து இறங்குவது அந்த ஜெட்டி வழியாகத்தான். வனத்துறை செய்ய வேண்டியது கடினமான காரியம் அல்ல. ராஸ் தீவில் உள்ள முயல்களும் மான்களும் அந்தத் தீவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயணிகளைக் கவர வேறு தீவுகளில் புதிதாக எந்த விலங்கையும் விடக்கூடாது. கப்பலிலும் விமானத்திலும் வரும் உயிருள்ள விலங்குகளை ஜெட்டியிலும் விமான நிலையத்திலுமே சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஊருக்குப் போய்த் திரும்பும்போது பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு ஜோடி முயலை வாங்கிவருவது எளிது. வளர்ப்பதானால் கூண்டை விட்டு வெளியே விடாதீர்கள். வளர்க்க முடியாமல் போனால் கால்நடை மருத்துவமனையில் ஒப்படையுங்கள், காட்டு ஓரத்தில் அவிழ்த்து விடாதீர்கள்.